டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்

நம் பெங்களூர் மாநகரிலே, ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் நிலையத்திலும், டாடா விஞ்ஞானக் கழகத்திலும் மூளையையும் நரம்பையும் ஆராயும் கூடங்கள் உள. நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அத்தகைய கூடங்களில் மாணவ உதவியாளராய்ப் பணிபுரிகின்றனர். குப்பி கழுவுவதும், அளவு குறிப்பதும், இரவெல்லாம் கருவியைக் காப்பதும் ஒரு உத்தியோகமா என்று பெற்றோர் சலித்துக்கொள்வதுண்டு. அத்தகைய பணியிலே பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழன்று உலகுக்கு அருமருந்துகளை ஈந்த ஒரு பெரியாரின் வரலாற்றை அன்பர்கட்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள் ஆந்திர நாட்டுப் பீமவரத்திலே பிறந்தார். இளமையில் படிப்பில் நாட்டம் குறைவு. காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்றெண்ணி வீட்டை விட்டு ஓடினார். அன்னை வேங்கம்மாள் அவரை மீட்டு வந்து, தம் நகைகளை விற்றுப் படிக்கவைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். அத்தேர்வோடு நின்றுவிட்ட என்போன்றோர்க்கு இச்செய்தி ஆறுதலும் தரும், நாணமும் தரும்!

மாநிலக் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் துறவு பூணும் எண்ணம் அவர்க்கு எழுந்தது. அன்னை இசையவில்லை. எனவே சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் சினத்துக்கு ஆளானார். தகுதியிருந்தும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, எல்.எம்.எஸ். என்னும் தாழ்ந்த பட்டமே கிட்டியது.

இதனினும் கொடிய துயரம் ஒன்று அவர் வீட்டில் நிகழ்ந்தது. ஸ்ப்ரூ எனப்படும் கிராணி நோயால் உடன்பிறந்தார் இருவர் அடுத்தடுத்து மாண்டனர். அந்நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத வைத்தியர் டாக்டர் லட்சுமிபதியின் சிகிச்சையால் பிழைத்தார். மருத்துவம் கற்றும் உடன்பிறந்தாரைக் காக்க இயலவில்லையே என்ற ஏக்கம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

மாமனாரின் பொருளுதவியோடு, இளம் மனைவியை ஊரில் விட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். அவர் பெற்ற பட்டம் அங்கே மருத்துவப் பணிக்குச் செல்லுபடியாகவில்லை. பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் படித்தார். இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளிகளின் மலசலக் கலங்களைத் துப்புரவு செய்து ஊதியம் பெற்றார். மருத்துவம் கற்றவர் இத்தொழிலைச் செய்வதா என்று அவர் தயங்கவில்லை.

பின்னர் சைரஸ் பிஸ்கே என்னும் உயிர்வேதியியல் ஆசிரியரின் ஆய்வுக்கூடத்திலே உதவியாளராய்ச் சேர்ந்தார். இரத்தம், தசை முதலியவற்றில் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என அளக்கும் எளிய முறையை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். பொருளோடு மாலிப்டிக் அமிலத்தையும் வேறொரு மருந்தையும் சேர்த்தால் நீலநிறம் தோன்றும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பரஸ் உண்டு என்பது கணக்கு. இன்றும் மாணவர் கற்கும் முறை இது.

தசைச் சாற்றை அளக்கும்போது நீலநிறம் உடனே தோன்றாமல் மெல்ல மெல்ல ஏறக் கண்டனர். கைப்பிழை என்று தள்ளியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தள்ளாது காரணம் தேடியதாலே, எளிதிற் சிதையும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் 1927-இல் வெளிப்பட்டது. 1929-இல் ஏ.டி.பி. என்னும் பொருளையும் தசையிலிருந்து பிரித்தனர். ஜெர்மனியில் லோமான் என்பாரும் அதே ஆண்டில் தனியே அதனைக் கண்டார். உயிரணுக்கள் வேலை செய்யச் செலவிடும் நாணயம் ஏ.டி.பி. எனலாம். உடலெடையில் ஏறக்குறைய 50-இல் 1 பங்கேயான மூளை, நாம் ஓய்ந்திருக்கும்போதும் உடலின் ஆற்றலில் 5-இல் 1 பங்கை உண்கிறது. அது உண்பதும் பெரிதும் இந்நாணயத்தையே. இன்று நரம்பை ஆராயும் நம் பிள்ளைகள் சுப்பாராவின் பெயரை அறியாவிடினும் அவர் இட்ட பாதையிலேதான் நடக்கின்றனர்.

இத்துணை செய்தும், 1930-இல் பிஎச்.டி. பட்டம் பெற்றும், ஹார்வர்டில் அவர்க்கு நிலையான ஆசிரியப் பதவி கிட்டவில்லை. தம் பெயரை முன்னிறுத்தும் வழக்கமும் அவரிடம் இல்லை. 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்திற் சேர்ந்து ஆராய்ச்சித் தலைவரானார். பின்னர் நிகழ்ந்தவை வியப்புக்குரியன. 1945-இல் அவர் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கை முறையில் ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று! காலம் கடந்து வந்த மருந்தாயினும் பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் காத்தது. அவ்வமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்தையும் அக்குழுவினர் ஆக்கினர். அதனைக் கொண்டே பாஸ்டனில் டாக்டர் பார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு முதன்முதலாய்த் தற்காலிகக் குணம் கண்டார்.

யானைக்கால் நோய்க்குரிய டை எதில் கார்பமசின் மருந்தும் அவர் தலைமையில் உருவானதே. கும்பகோணம் பக்கத்தார்க்கு இம்மருந்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆரியோமைசின் என்னும் கிருமிக்கொல்லியை டாக்டர் டக்கர் கண்டதும் சுப்பாராவின் நிருவாகத்திலேயே.

1948-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் நீத்தார். இறுதிவரை அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை. தாய்நாடு திரும்பவும் இல்லை. ஊரிற் காத்திருந்த மனைவி அவரை மீண்டும் காணவேயில்லை. அவர் புகழை எழுதுவோர் அவ்வம்மையாரின் காத்திருப்பையும் எழுதுதல் முறையாகும். 1995-இல் இந்திய அரசு அவருருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிட்டது.

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நாம் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. எப்பணியும் இழிவன்று என்பது ஒன்று. உதவியாளரின் உழைப்பை உரியவர் பெயரோடு சேர்த்து வழங்குதல் பெரியோர் கடன் என்பது மற்றொன்று. ஆய்வுக்கூடத்திலிருந்து பிள்ளை இரவு தாமதித்து வந்தால் கடிந்துகொள்ளாது, சூடாகச் சோறிட்டு, இன்று என்ன கண்டாய் எனக் கேட்போமாக. வாழ்க சுப்பாராவ் நாமம்!