பந்தாட்ட மைதானமும் பொதுப் பொக்கிஷமும்: வால்ட்டர் ஓமாலியின் சரித்திரம்

அமெரிக்காவில் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் ஒரு பெரிய வியாபாரமாகும். ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள். கோஷ்டிகள் தனி முதலாளிகளின் சொத்து. வாயிலில் வசூலாகும் பணம் அம்முதலாளிகளின் கணக்கில் சேருவது. ஆயினும் அக்கோஷ்டிகள் ஆடுவதற்கு மைதானம் கட்டும் செலவைப் பொதுஜனங்களின் பொக்கிஷம் ஏற்கவேண்டுமென்ற கோரிக்கை அத்தேசத்தில் ஓயாமல் எழுந்து வருகிறது. 2023-ம் வருஷத்தில் நெவாடா மாகாணச் சட்டசபை, லாஸ் வேகாஸ் நகரத்தின் புதிய மைதானமொன்றுக்கு 38 கோடி டாலர் வரையில் பொதுப்பணம் தர இசைந்தது. இவ்விவகாரத்தின் உட்கிடையை அறிய விரும்புவோர், காலஞ்சென்று நாற்பது வருஷங்களுக்கு மேலாகியும் இரண்டு நகரங்களில் பேச்சடங்காத வால்ட்டர் ஓமாலி என்பவரின் சரித்திரத்தைப் பார்ப்பது நலமெனக் கருதுகிறோம். மைதானத்தைத் தம் சொந்தச் செலவில் கட்டிய முதலாளி என்று அவரைப் புகழ்கிறார்கள். அப்புகழ்ச்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதே நாம் பார்க்கவேண்டியது.

ஓமாலி 1903 அக்டோபர் 9-ந் தேதி நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தார். தகப்பனார் எட்வின் ஓமாலி அந்நகரத்துப் பொதுச் சந்தைகளின் கமிஷனராயிருந்தவர். டாம்மனி ஹால் என்று பெயர்போன கட்சி யந்திரத்தோடு உறவுள்ளவர். நகர நிர்வாகத்தில் எந்த வாயிலைத் தட்டினால் எந்தக் கதவு திறக்கும் என்ற வித்தையைப் பிள்ளை வீட்டிலேயே கற்றிருப்பாரென்று நாம் ஊகிப்பதில் பிழையிராது. பள்ளிப் பருவத்தில் பந்து மூக்கில் பட்டதால் ஆட்டக்காரராகும் ஆசை அற்றுப்போயிற்று. 1926-ல் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். 1929-ல் பங்குச் சந்தை சரிந்து குடும்பத்தின் நிலை மாறியபின், போர்டாம் கலாசாலையில் படித்து 1930-ல் சட்டப் பரீக்ஷை தேறினார். அந்தக் கஷ்ட காலத்தில் தொழில் முறிந்தவர்களும் கடன்பட்டவர்களும் வக்கீல்களைத் தேடி வந்தார்கள். இளம் வக்கீலுக்குக் கைநிறைய வேலை கிடைத்தது.

அவரை வெறும் பணப் பேயென்று வருணிப்பவர்கள் ஒரு செய்தியை மறந்துவிடுகிறார்கள். அவர் மணக்க நிச்சயித்திருந்த கே ஹான்ஸன் என்ற பெண்மணி தொண்டைப் புற்றுநோய்க்கு ஆளாகி, சிகிச்சையில் குரலை இழந்தார். அதற்குப் பின் உரக்கப் பேச அவருக்கு இயலவில்லை. ஓமாலி 1931-ல் அவரையே மணந்து, 1979-ல் அவர் காலமாகும் வரை அவரோடு வாழ்ந்தார்.

புருக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பந்தாட்டக் கோஷ்டி அக்காலத்தில் புருக்ளின் டிரஸ்ட் கம்பெனி என்ற பாங்கிக்குக் கடன்பட்டிருந்தது. அப்பாங்கியின் தலைவர் ஜார்ஜ் மக்லாக்லின் கோஷ்டியின் சட்ட விவகாரங்களை ஓமாலியிடம் ஒப்புவித்தார். வக்கீலாக உள்ளே சென்றவர் 1944, 1945 வருஷங்களில் பிராஞ்ச் ரிக்கி, ஜான் ஸ்மித் என்ற இருவரோடு கூடிப் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கினார். 1947-ல் கறுப்பு இனத்தவரான ஜாக்கி ராபின்ஸனைக் கோஷ்டியில் சேர்த்து, நிறவேற்றுமைச் சுவரை உடைத்த புகழ் ரிக்கிக்கே உரியது. 1950-ல் ரிக்கியின் பங்கைப் பத்து லக்ஷம் டாலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கி, ஓமாலி கோஷ்டியின் தலைவரானார்.

கோஷ்டி ஆடிய எப்பெட்ஸ் மைதானம் 1913-ல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய சார்லஸ் எப்பெட்ஸ் கைப்பணம் போதாமல் கோஷ்டியில் பாதியைக் கட்டடக் காண்டிராக்டர்களுக்கு விற்று வேலையை முடித்தார். சர்க்காரிடம் அவர் கையேந்தவில்லை என்பதை இக்காலத்து முதலாளிகள் நினைவில் வைப்பது நல்லது. சுமார் 32,000 பேர் அமரக்கூடிய அம்மைதானம் 1950-ம் ஆண்டுகளில் பழுதாகிவிட்டது. சுற்றிலும் வீடுகள் நெருங்கியிருந்தன. 700 மோட்டார்களை நிறுத்தவே இடமிருந்தது. ஆயினும் கோஷ்டி நஷ்டத்தில் ஓடவில்லை. லாபம் சம்பாதித்தே வந்தது. ஓமாலியைக் கலங்கச் செய்தது மில்வாக்கி நகரமாகும். 1953-ல் பாஸ்டன் நகரத்துக் கோஷ்டியொன்று, பொதுப்பணத்தில் கட்டப்பட்ட மைதானத்தை நாடி மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்தது. முதல் வருஷத்திலேயே 18 லக்ஷம் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். மைதானச் செலவு ஜனங்களுடையது, வசூல் முதலாளியுடையது என்றால் மற்ற முதலாளிகள் சும்மாயிருப்பார்களா?

ஓமாலி கேட்டது சற்று வேறுவிதமானது. கட்டடத்தைத் தாமே கட்டுவதாகச் சொன்னார். புருக்ளினில் அட்லாண்டிக் வீதியும் பிளாட்புஷ் வீதியும் கூடுமிடத்தில், ரயில் நிலையத்தையொட்டிய நிலத்தின்மேல் கண்வைத்தார். அந்நிலம் பல பேருடைய கையிலிருந்தது. தாமே சென்று வாங்கினால் விலை விஷம்போல் ஏறும். ஆகையால் நகர நிர்வாகம் 1949-ம் வருஷத்து வீட்டு வசதிச் சட்டத்தின்படி அதைக் கட்டாயமாக ஆர்ஜிதம் செய்து, நியாயமான விலைக்குத் தமக்கு விற்கவேண்டும் என்றார். பொக்கிஷத்திலிருந்து காசு கேட்கவில்லை என்பது அவர் கட்சி. ஆனால் நில ஆர்ஜித அதிகாரம் காசைவிடப் பெரியது. விற்க மனமில்லாதவனை விற்கச் செய்யும் வல்லமை சர்க்காருக்கு மட்டுமே உண்டு. அதைத் தம் வியாபாரத்திற்கு இரவல் தரும்படிதான் அவர் கேட்டார்.

அவ்வதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர் ராபர்ட் மோஸஸ். எந்தத் தேர்தலிலும் வெல்லாமல் நியூயார்க்கின் பூங்காக்களையும் சாலைகளையும் பாலங்களையும் பல்லாண்டுகள் ஆட்டி வைத்தவர் அவர். தனிப்பட்ட முதலாளியின் பந்தாட்டக் களம் பொது நோக்கமாகாது என்று கூறி மறுத்துவிட்டார். சட்டப்படி நியாயமான பதில். எனினும் தாம் போட்ட பெருஞ்சாலைகளுக்காக ஆயிரக்கணக்கான ஏழைகளின் வீடுகளை இடித்தவர், இந்த ஒரு விஷயத்தில் பொது நோக்கத்தின் காவலராக எழுந்து நின்றதை நாம் புன்முறுவலின்றிப் பார்க்க இயலாது. குவீன்ஸ் பகுதியிலுள்ள பிளஷிங் சதுப்பில் நகரமே மைதானம் கட்டும், ஓமாலி வாடகைக்கு ஆடலாம் என்றார் மோஸஸ். குடக்கூலிக்காரராயிருக்க ஓமாலிக்கு விருப்பமில்லை. 1956-ல் எப்பெட்ஸ் மைதானத்தை விற்றார். அவ்வருஷமும் அடுத்த வருஷமும் சில ஆட்டங்களை ஜெர்ஸி நகரில் நடத்தி, தாம் ஊரைவிட்டுப் போகக்கூடியவரென்று எச்சரித்தார். 1955-ல் தங்கள் கோஷ்டி முதன்முதலாக உலகப் பந்தயத்தில் வென்றதைக் கொண்டாடிய புருக்ளின் ஜனங்கள், 1957 அக்டோபர் 8-ந் தேதி அக்கோஷ்டி மேற்குக் கரைக்குப் போகிறதென்ற செய்தியைக் கேட்டார்கள். ஆட்டத்தை நேசித்த ஜனங்களின் அபிப்பிராயத்தை இவ்விருவரில் ஒருவரும் கேட்கவில்லை.

இனி லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைப் பார்ப்போம். அந்நகரத்தின் நடுப்பகுதிக்கு அருகே சாவேஸ் பள்ளத்தாக்கு என்ற மேட்டு நிலத்தில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என மூன்று குடியிருப்புகள் இருந்தன. மெக்ஸிகோ வம்சத்தார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அங்கே வாழ்ந்தார்கள். சொந்த வீடு, ஆடு கோழி, காய்கறித் தோட்டம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு கோயில் என்று ஏழ்மையிலும் நிலைத்த வாழ்வு. 1950 ஜூலையில் நகரத்தின் வீட்டு வசதி ஸ்தாபனம் அவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. அவ்விடத்தில் 3,000-க்கு மேற்பட்ட பொது வீடுகள் கட்டப்படும், நிலத்தை விற்றுவிடுங்கள், புதிய வீடுகளில் உங்களுக்கே முதல் உரிமை என்பது அதன் சாரம். பெரும்பாலோர் நம்பியும், வேறு வழியின்றியும் வெளியேறினர். அதற்குள் அரசியல் காற்று திசைமாறிற்று. பொது வீடுகள் கட்டுவது பொதுவுடைமைச் சூழ்ச்சியென்று கூக்குரல் எழுந்தது. திட்டத்தை ஆதரித்துப் பேசிவந்த அதிகாரி பிராங்க் வில்கின்ஸன் வேலையிழந்தார். 1953-ல் மேயரான நாரிஸ் போல்சன் திட்டத்தைக் கைவிட்டார். நிலம் பொதுக் காரியத்துக்கே பயன்படவேண்டுமென்ற நிபந்தனையோடு, மத்திய சர்க்காரிடமிருந்து குறைந்த விலைக்கு நகரத்தின் கைக்கு வந்தது. வீடுகள் போயின, வாக்குறுதியும் போயிற்று.

1957 மே மாதத்தில் ஓமாலி ஹெலிகாப்டரில் பறந்து இவ்விடத்தைப் பார்த்தார். குடிகளைக் கிளப்பியவர் அவரல்லர் என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். அவர் கண்டது பெரும்பாலும் வெறிச்சோடிய நிலம். பெருஞ்சாலைகள் பல கூடுமிடம். ரோஸலிண்ட் வைமன் என்ற இளம் நகரசபை அங்கத்தினர் பந்தாட்டக் கோஷ்டியை ஊருக்குக் கொண்டுவரப் பெருமுயற்சி செய்தார். ஏற்பட்ட ஒப்பந்தம் இதுதான்: நகரம் சுமார் 300 ஏக்கர் நிலத்தை ஓமாலிக்குக் கொடுக்கும், நிலத்தைச் சமன் செய்ய 20 லக்ஷம் டாலர் வரை செலவிடும், கவுண்டி நிர்வாகம் சாலைகளுக்கு 27 லக்ஷம் டாலருக்கு மேல் செலவிடும். பதிலுக்கு ஓமாலி, தாம் வாங்கியிருந்த சுமார் 9 ஏக்கர் பழைய மைதானத்தை நகரத்துக்குத் தருவார். 50,000 பேர் அமரும் களத்தைத் தம் பணத்தில் கட்டுவார். ஆண்டுதோறும் சொத்துவரி செலுத்துவார்.

ஜனங்களில் ஒரு சாரார் எதிர்த்துக் கையெழுத்துச் சேகரித்தமையால் ஒப்பந்தம் 1958 ஜூன் 3-ந் தேதி பொதுஜன வாக்கெடுப்புக்கு வந்தது. ஏறக்குறைய ஏழு லக்ஷம் பேர் வாக்களித்ததில் சுமார் 25,000 வாக்குகளே ஓமாலி பக்கம் அதிகம். நியூயார்க்கில் இதுபோல் ஜனங்களைக் கேட்டதில்லை என்பது லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெருமைதான். வரி செலுத்துவோர் சிலர் நியாயஸ்தலம் சென்றார்கள். கீழ் நியாயஸ்தலம் ஒப்பந்தம் செல்லாது என்றது. மாகாணத்தின் உச்ச நியாயஸ்தலம் 1959 ஜனவரியில் செல்லுமென்றது. முதலாளிக்கு லாபம் கிடைத்தாலும் நகரத்துக்கும் ஏதோ நன்மையிருந்தால் போதும் என்ற இந்த வழி பிறகு எத்தனை பேருக்கு ராஜபாட்டையாயிற்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பள்ளத்தாக்கில் சில குடும்பங்கள் இன்னும் அசையாமலிருந்தன. 1959 மே மாதத்தில் ஷெரீபின் ஆட்கள் வந்தார்கள். ஒரு பெண்மணியைக் கைகால்களைப் பற்றித் தூக்கிப் படிக்கட்டு வழியே வெளியேற்றிய காட்சி நகரமெங்கும் படமாகப் பரவிற்று. வீட்டை யந்திரம் கொண்டு தகர்த்தார்கள். அக்குடும்பத்தார் அவ்விடத்திலேயே கூடாரமடித்துத் தங்கினார்கள். நகரசபையில் எட்வர்ட் ராய்பல் இக்கொடுமையைக் கண்டித்தார். அக்குடும்பத்தாருக்கு வேறிடங்களில் வீடுகளுண்டு என்று பத்திரிகைகள் வெளியிட்டதும் பரிதாபம் வற்றிவிட்டது. வேறு வீடு இருப்பவனுக்கு இந்த வீட்டின்மேல் உரிமையில்லையென்பது என்ன நியாயமோ நமக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடக் கட்டடம் மண்ணிட்டு மூடப்பட்டது.

புதிய மைதானம் 1962 ஏப்ரல் 10-ந் தேதி திறக்கப்பட்டது. சுமார் 2 கோடி டாலர் செலவில் 56,000 இருக்கைகள் கொண்டது. பொதுப்பணமின்றிக் கட்டடம் எழுந்தது என்பது உண்மை. அழகும் உறுதியும் வாய்ந்த அக்களம் இன்றும் நிற்கிறது. திறந்த நாளன்று வந்த ஜனங்களுக்கு ஒரு குடிநீர்க் குழாய்கூட இல்லை; தாகமெடுத்தவர்கள் பானம் விலைக்கு வாங்கவேண்டியதாயிற்று. இது கவனக்குறைவால் நேர்ந்ததென்று பின்னர் சமாதானம் கூறப்பட்டது. முதல் வருஷத்தில் 27 லக்ஷம் பேர் வந்தார்கள். 1978-ல் முப்பது லக்ஷத்தைத் தாண்டிற்று. வேறெந்தக் கோஷ்டியும் அதற்குமுன் கண்டிராத தொகை.

நியூயார்க் நகரம் மோஸஸ் விரும்பிய பிளஷிங்கில் பொதுப்பணத்தில் ஷே ஸ்டேடியத்தைக் கட்டி, 1964-ல் திறந்தது. அது 2009-ல் இடிக்கப்பட்டது. பக்கத்திலேயே பொதுப்பணத்தின் உதவியோடு வேறொன்று எழுந்தது. ஓமாலி கேட்டு மறுக்கப்பட்ட புருக்ளின் சந்திப்பின் அருகிலேயே 2012-ல் கூடைப்பந்தாட்ட அரங்கமொன்று திறக்கப்பட்டது. அதற்கு நிலத்தைக் கட்டாயமாக ஆர்ஜிதம் செய்து கொடுத்தது சர்க்காரே. 1950-களில் பொது நோக்கமல்லாதது அரை நூற்றாண்டில் பொது நோக்கமாயிற்று. ஓமாலியின் பெயரைச் சொல்லி, பிற நகரங்களில் முதலாளிகள் ஊர்விட்டுப் போவோம் என்று பயமுறுத்துவதும், நகரசபைகள் நடுங்கிப் பணத்தைக் கொட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அவராவது கட்டடச் செலவை ஏற்றார். பின்வந்தவர்கள் அதையும் ஜனங்கள் தலையிலேயே கட்டினார்கள்.

ஓமாலி 1970-ல் தலைமைப் பதவியைக் குமாரர் பீட்டரிடம் ஒப்புவித்தார். மனைவி மறைந்த சில வாரங்களில், 1979 ஆகஸ்டு 9-ந் தேதி காலமானார். 2008-ல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 1998-ல் குடும்பத்தார் கோஷ்டியையும் மைதானத்தையும் நிலத்தையும் சுமார் 31 கோடி டாலருக்கு விற்றார்கள். 2012-ல் அவை மீண்டும் கைமாறியபொழுது விலை 200 கோடி டாலருக்கு மேல். அப்பொழுது விற்ற முதலாளி, மோட்டார்கள் நிறுத்தும் நிலத்தில் தமக்கு ஒரு பங்கை நிறுத்திவைத்துக்கொண்டார்.