இசைக்கடல் தந்த ஆபிரகாம் பண்டிதர்



இந்த மாதச் சுவர் இதழுக்கு நான் எழுத எடுத்துக்கொண்டவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. எனக்கு ஆர்மோனியம் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. பாட்டுன்னா அஞ்சு வயசுலயே ஆரம்பிக்கணும், ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்கு இனிமே எதுக்குன்னு எங்க வீட்டுல சொல்றாங்க. பண்டிதர் வாழ்க்கையைப் படிச்ச பிறகு எனக்கு வேற மாதிரி தோணுது.

இவர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள், இப்போதைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார். தந்தை முத்துசாமி, தாய் அன்னம்மாள். ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார். அங்கேதான் சடையாண்டி பத்தர் என்பவரிடம் இசையும் வயலினும் கற்றார். அப்போது அவர் சின்னப் பையன் இல்லை. வாத்தியார் ஆகப்போகிற இளைஞர்!

அவருக்கு மூலிகை மருத்துவத்திலும் ஆர்வம் அதிகம். சுருளி மலையில் கருணானந்தர் என்ற முனிவரைக் கண்டு, அவரிடம் சித்த மருத்துவம் கற்றார். நம்ம கல்வராயன் மலையில கடுக்காய் எடுக்கிறவங்களுக்குத் தெரியும், மலையில கிடைக்கிற ஒவ்வொரு காய்க்கும் வேருக்கும் ஒரு குணம் உண்டு. பண்டிதர் அதைப் படிப்பாகவே படித்தார்.

தஞ்சாவூரில் அவரும் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் பள்ளி ஆசிரியர்களாக இருந்தார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டு மருந்து தயாரித்தார்கள். கருணானந்தர் சஞ்சீவி என்ற பெயரில் வந்த அந்த மருந்துகள் நன்றாக விற்றன. கையில் பணம் சேர்ந்தது. அதை வைத்து அவர் செய்ததுதான் பெரிய காரியம். 1912-இல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கினார். வித்வான்களைத் தஞ்சாவூருக்கு வரவழைத்துப் பல இசை மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் நடத்தினார். மேல்நாட்டு இசையையும் விடாமல் கற்றார்.

அவருடைய ஆராய்ச்சியை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். ஆர்மோனியத்திலும் பியானோவிலும் ஒரு ச-வில் இருந்து அடுத்த ச-வுக்குள் வெள்ளைக் கட்டை 7, கருப்புக் கட்டை 5, ஆக 12 கட்டைகள். ஆனால் இசையில் அதைவிட நுட்பமான சுருதிகள் உண்டு. அவை 22 என்று பல அறிஞர்கள் சொன்னார்கள். பண்டிதர், சிலப்பதிகாரத்தை ஆராய்ந்து, இல்லை, 24 என்றார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவர் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. தம் மகள்களைப் பாடவும் வீணை வாசிக்கவும் வைத்து விளக்கினார். நூறு வருஷத்துக்கு முன்னாடி, அவ்வளவு பெரிய சபையில ரெண்டு பொம்பளப் புள்ளைங்க! எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச இடம்.

1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற நூலைத் தம் சொந்த அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டார். ஆயிரம் பக்கங்களுக்கு மேல்! தம் குருவின் பெயரையே நூலுக்கு வைத்தார். தமிழிசைதான் இன்றைய கர்நாடக இசைக்கு அடிப்படை என்பது இந்நூலின் கருத்து. அப்போது அவருக்கு வயது 58.

1919 ஆகஸ்ட் 31-இல் பண்டிதர் காலமானார். நூலின் இரண்டாம் பாகம் மிச்சம் இருந்தது. அதை 1946-இல் வெளியிட்டவர் அவர் மகள் மரகதவல்லி. அப்பா கற்றுக்கொடுத்த இசை வீண் போகவில்லை.

வாத்தியார் வேலைக்குப் படிக்கும்போதே வயலின், மலை ஏறி மருத்துவம், அறுபதை நெருங்கும்போது ஆயிரம் பக்கப் புத்தகம். கற்பதற்கு வயது ஒரு தடை என்று பண்டிதர் நினைக்கவே இல்லை. தோழிகளே, நமக்குப் பதினாலு வயசுதான் ஆகுது. பாட்டோ, வீணையோ, ஆர்மோனியமோ, ஆசைப்பட்டதைக் கத்துக்க நேரம் நிறைய இருக்கு. பெற்றோரும் ஆசிரியர்களும் கொஞ்சம் கை கொடுத்தால் போதும். இந்தத் தாளை எங்க அம்மாவுக்கும் படிச்சுக் காட்டப் போறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி