பணத்தை யாரை நம்பிக் கொடுக்கலாம்? 1906-ல் மெட்ராஸை உலுக்கிய திவாலும், இந்தியன் வங்கியை உருவாக்கிய வக்கீலும்!

அணைக்கட்டு பக்கம் இருந்து வேலூர், ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போறவங்க கையில் போனஸ் பணம் வந்ததும் ஒரு கேள்வி வரும். நாமே பார்த்து முதலீடு பண்ணலாமா, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துடலாமா? 2022-ல் காட்பாடியை மையமாக வைத்து இயங்கிய நிதி நிறுவனத்தில் பணம் போட்டவர்கள் பட்ட பாடு இந்த மாவட்டத்துக்கே தெரியும். அதே மாதிரி ஒரு அடியை மெட்ராஸ் 1906-லேயே வாங்கியது. அப்போது களத்தில் இறங்கியவர் வி.கிருஷ்ணசாமி ஐயர்.

யார் இவர்?

1863-ல் தஞ்சாவூர் மாவட்டம் திருவிடைமருதூரில் பிறந்தவர். மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் பெயர் பெற்ற வக்கீல். காங்கிரஸில் மிதவாதி. ஆனாலும், தீவிரவாத அணியில் இருந்த பாரதியின் பாடல்களைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர். மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரியும் இவர் தொடங்கியதுதான்.

1906-ல் என்ன நடந்தது?

ஆர்பத்நாட் கம்பெனி அந்தக் காலத்து மெட்ராஸின் பெரிய ஆங்கிலேய நிறுவனம். வியாபாரத்தோடு வங்கித் தொழிலும் செய்தது. பென்ஷன் வாங்குபவர்கள், அரசு ஊழியர்கள், வியாபாரிகள் என ஆயிரக்கணக்கானோர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் கம்பெனி, நூறு வருஷப் பெயர் என்ற நம்பிக்கைதான் காரணம். உள்ளே பணம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

லண்டனில் இருந்த பங்குதாரர் மெக்ஃபேடியன், ஆபத்தான முதலீடுகளில் பெரும் பணத்தை இழந்து உயிரையும் விட்டார். அடுத்த சில நாட்களில், 1906 அக்டோபர் 22-ல், ஆர்பத்நாட் திவால்! நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் சிறை கிடைத்தது. போட்ட பணம் முழுசா திரும்பி வரவில்லை.

கிருஷ்ணசாமி ஐயர் என்ன செய்தார்?

திவால் வழக்கில் பணம் இழந்தவர்கள் பக்கம் நின்று வாதாடினார். வழக்கோடு முடித்துக்கொள்ளவும் இல்லை. இந்தியர்களே பங்கு போட்டு, இந்தியர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று முயற்சி எடுத்தார். வட்டித் தொழிலில் பழுத்த நகரத்தார்களையும் சேர்த்துக்கொண்டார். 1907 மார்ச்சில் பதிவான இந்தியன் வங்கி, அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல் செயல்படத் தொடங்கியது. 1969-ல் அது நாட்டுடைமை ஆனது.

ஐயர் 1909-ல் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார். 1911-ல் ஆளுநரின் நிர்வாக சபை உறுப்பினரானார். அதே ஆண்டு டிசம்பரில், 48 வயதிலேயே காலமானார். சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

நமக்கு இதில் என்ன பாடம்?

ஐயர் எல்லாவற்றையும் தனியாகச் செய்யவில்லை. வங்கித் தொழிலுக்கு அதில் அனுபவம் உள்ளவர்களைத்தான் கூப்பிட்டார். அதனால் நிபுணரிடம் போவது தப்பே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போவதுதான் தப்பு.

பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்க:

* ஆலோசகர் செபியில் பதிவு செய்தவரா? செபி இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கலாம்.

* அவருக்கு வருமானம் உங்கள் கட்டணத்தில் இருந்தா, விற்கிற திட்டத்தின் கமிஷனில் இருந்தா? கமிஷன் என்றால் அவர் சொல்வதை இரண்டு முறை யோசியுங்கள்.

* வங்கி டெபாசிட் என்றால், ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தனியார் நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது கிடையாது.

* தெரிந்தவர், சொந்தக்காரர், ஊர்ப் பெரியவர் சொன்னார் என்பது மட்டும் போதாது. பணம் எதில் போகிறது என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி பதில் வரவில்லை என்றால், கொடுக்காதீங்க.