பாவோ நுர்மி: பறிக்கப்பட்ட இறுதி ஓட்டம்

1932 ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டிகள் ஆரம்பமாகவிருந்த வேளையில், பின்லாந்தின் ஓட்டவீரர் பாவோ நுர்மியும் அந்நகரிலே தங்கியிருந்தார். முன்னைய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் 9 தங்கப் பதக்கங்களையும் 3 வெள்ளிப் பதக்கங்களையும் வென்றிருந்த அவர், மரதன் ஓட்டத்தையும் வென்று விடைபெறும் எண்ணத்துடனேயே கடல் கடந்து வந்திருந்தார். எனினும் அவர் ஓடக்கூடாது எனச் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் தீர்ப்பளித்தது. போட்டிகளில் பணம் பெற்றார், ஆதலால் அவர் தொழில்முறை வீரர் என்பதே குற்றச்சாட்டு.

பணத்தின் அருமையை நுர்மி இளமையிலேயே அறிந்திருந்தார். 1897 இல் துர்க்கு நகரில் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1910 இல் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பைக் கைவிட்டு, வெதுப்பகம் ஒன்றின் ஏவலாளாகச் சேர்ந்து, பாரமேற்றிய வண்டியை மேட்டு நிலத் தெருக்களில் தள்ளித் திரிந்தார். கால்களுக்கு உரமூட்டியது அந்த வண்டிதான் எனக் கூறுவோர் உளர். 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஹன்னஸ் கொலெமைனென் மூன்று தங்கங்களை வென்றபோது, பின்லாந்து ரஷ்யப் பேரரசின் ஆட்சியிலிருந்தது. நாட்டுக்கெனக் கொடியில்லாத மக்களுக்கு அவ்வெற்றி அளித்த பெருமிதத்தை இங்கு விளக்க வேண்டியதில்லை. பதினைந்து வயதுச் சிறுவனான நுர்மி ஓட்டக் காலணி வாங்கியது அதன் பின்னரே.

1920 அன்ட்வேர்ப்பில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஓடி மூன்று தங்கங்களை வென்ற அவரிடம் ஏனையோரிடம் இல்லாத ஒரு வழக்கம் வேரூன்றியது. கையில் நிறுத்தற் கடிகாரத்தை ஏந்தியே ஓடினார். முதலில் விரைந்து பின்னர் தளர்வதும், எதிராளியின் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றுவதும் ஆற்றலை வீணாக்கும் என்பது அவர் கண்ட உண்மை. ஒவ்வொரு சுற்றுக்கும் உரிய நேரத்தை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, அருகில் ஓடுபவரைப் பாராமல் கடிகாரத்தையே பார்த்தார். இறுதிச் சுற்று நெருங்கும்போது அதைப் புற்றரையில் எறிந்துவிட்டு விரைவார். சிரிக்காத, பேசாத இம்மனிதரை இயந்திரம் என்று பத்திரிகைகள் வர்ணித்ததில் வியப்பில்லை.

1923 இல் ஒரு மைலை 4 நிமிடம் 10.4 செக்கன்களில் ஓடி உலக சாதனை நிலைநாட்டினார். மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500 மீற்றர், 5,000 மீற்றர் இறுதிப் போட்டிகள் ஒரே நாளில், ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான இடைவெளியில் அமைந்தன. இது மனித உடலுக்கு இயலுமா என்பதை அறிய, ஜூன் 19 ஆந் திகதி ஹெல்சிங்கியில் இரண்டையும் அடுத்தடுத்து ஓடிப் பார்த்தார். ஒத்திகையிலேயே இரு உலக சாதனைகள் வீழ்ந்தன! ஜூலை 10 இல் பாரிஸிலும் இரண்டு தங்கங்களும் அவர் வசமாயின. இரு நாட்களின் பின்னர் கொளுத்தும் வெயிலில் நடைபெற்ற நாடுகாண் ஓட்டத்தில் புறப்பட்ட 38 பேரில் 15 பேரே எல்லையை அடைந்தனர். அங்கும் முதலாமவர் நுர்மிதான். ஆயினும் 10,000 மீற்றரில் அவரைப் பங்குபற்றச் செய்யாமல் பின்லாந்து அதிகாரிகள் தடுத்துவிட்டனர். நாடு திரும்பியதும் அதே தூரத்தை 30 நிமிடம் 6.2 செக்கன்களில் ஓடி அவர் அளித்த விடை, ஏறத்தாழ 13 ஆண்டுகள் உலக சாதனையாக நிலைத்தது.

1925 இல் ஐந்து மாதங்கள் அமெரிக்காவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட போட்டிகளில் ஓடினார். அரங்குகள் நிரம்பின, நுழைவுச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. அவர் கைநீட்டிப் பணம் பெறவேயில்லை என்று வாதிடுவது கடினம். ஆனால் ஓடுபவனின் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டியவர்களுக்கு எவ்வித தடையும் இருக்கவில்லை. வருமானத்துக்கு வேறு வழியுடையோர் வகுத்த அவ்விதி, உழைத்துண்ணும் குடும்பத்துப் பிள்ளைகளையே பெரிதும் தண்டித்தது. நுர்மி தடை செய்யப்பட்ட அதே 1932 இல், பிரான்ஸின் புகழ்பெற்ற மத்திய தூர ஓட்டவீரர் ஜூல் லதுமேக் இதே குற்றச்சாட்டில் ஆயுட்காலத் தடைக்குள்ளானார்.

1931 இல் ஜேர்மனியில் பயணச் செலவென்ற பெயரில் கூடுதல் பணம் பெற்றார் என்பதே நுர்மிக்கு எதிராக முன்வைக்கப்பட்ட முறைப்பாடாகும். சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர் சுவீடனைச் சேர்ந்த சிக்பிரிட் எட்ஸ்ட்ரோம். நுர்மியை அனுமதிக்குமாறு மரதன் ஓட்டத்தின் போட்டியாளர்களே வேண்டிக்கொண்டும் பயனில்லை. பின்லாந்து இத்தடையை உள்நாட்டில் ஏற்கவில்லை. 1933 இல், 36 வயதில், தேசிய 1,500 மீற்றர் பட்டத்தை வென்ற அவர் அடுத்த ஆண்டு ஓய்வுபெற்றார்.

பின்னர் ஆடை வணிகத்திலும் கட்டட நிர்மாணத்திலும் ஈடுபட்டுச் செல்வந்தரானார். 1952 ஜூலை 19 அன்று ஹெல்சிங்கி ஒலிம்பிக் தொடக்க விழாவில், தீபத்தை ஏந்திவருபவர் யாரென அறிவிக்கப்படாதிருந்தது. அரங்கினுள் நுழைந்த 55 வயது மனிதரின் ஓட்டநடையைக் கண்டதும் மக்கள் ஆர்ப்பரித்தனர். அணிவகுத்து நின்ற வீரர்கள் வரிசை குலைந்து அவரைக் காண ஓடுபாதையோரம் விரைந்தனர். அப்போது சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் அதே எட்ஸ்ட்ரோம்தான்.

முதுமையில் இருதய நோயும் பக்கவாதமும் அவரை வாட்டின. தாம் ஓடிய ஓட்டங்களை விட மருத்துவ ஆராய்ச்சியே மனிதருக்குப் பயன்தருவது என்று கருதிய அவர், 1968 இல் இருதய நோய் ஆராய்ச்சிக்கென நிதியமொன்றை நிறுவினார். 1973 ஒக்டோபர் 2 ஆந் திகதி ஹெல்சிங்கியில் காலமான அவருக்கு அரச மரியாதையுடன் இறுதிக்கிரியை நடைபெற்றது. வண்டி தள்ளித் திரிந்த துர்க்கு நகரிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.