நாடி பிடித்த ஊர் டாக்டர் சர் ஜேம்ஸ் மெக்கன்சி

நம் சங்க மலரில் பெரும்பாலும் ஹாஸ்டல் நினைவுகளும் பேராசிரியர்களைப் பற்றிய கட்டுரைகளும்தான் இடம்பெறும். இன்ஜினீயரான நான் ஒரு டாக்டரின் வாழ்க்கையை எழுத வந்திருக்கிறேன். காரணம், இவர் நம்மைப் போலவே கருவியையும் கிராஃபையும் நம்பியவர். அதோடு, முப்பதைத் தாண்டிய நமக்கு இவர் கதை தேவையும்கூட.

ஜேம்ஸ் மெக்கன்சி 1853-ல் ஸ்காட்லாந்தில், பெர்த் நகரை அடுத்த ஸ்கோன் பகுதியில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு மருந்துக்கடையில் வேலை பழகினார். பிறகு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1878-ல் டாக்டரானார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் பர்ன்லிக்குப் போனார். பருத்தி நெசவு ஆலைகள் நிறைந்த ஊர் அது. தலைவலி, காய்ச்சல், பிரசவம் என்று எல்லாவற்றையும் பார்க்கிற சாதாரண ஜெனரல் ப்ராக்டிஸ்தான்.

அங்கே ஒரு இளம்பெண் பிரசவ நேரத்தில் இதயம் செயலிழந்து அவர் கண்ணெதிரிலேயே இறந்து போனாள். முன்கூட்டியே இதைக் கண்டுபிடித்திருக்க முடியாதா என்ற கேள்வி அவரை விடவே இல்லை. புத்தகங்களைப் புரட்டினார், பதில் கிடைக்கவில்லை. எந்த அறிகுறி ஆபத்து, எது ஆபத்தில்லை என்று உறுதியாகச் சொல்ல அன்று ஆள் இல்லை. நாடி சீராக இல்லை என்றாலே இதய நோய் என்று முத்திரை குத்தி, நன்றாக இருந்த இளைஞர்களைக்கூடப் படுக்கையில் போட்டுவிடுவார்கள்.

மெக்கன்சி செய்தது எளிமையான காரியம். வருகிற நோயாளிகளின் நாடியைப் பதிவு செய்து வைத்தார். அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். கை நாடியையும் கழுத்து ரத்தக்குழாயின் துடிப்பையும் ஒரே நேரத்தில் வரையும் பாலிகிராஃப் என்ற கருவியை உருவாக்கினார். பிற்பாடு ஷா என்ற கடிகாரக்காரரின் உதவியோடு, காகித நாடாவில் மையால் எழுதும்படி அதை மேம்படுத்தினார்.

பலன் என்ன தெரியுமா? மூச்சுக்கு ஏற்ப வேகம் மாறும் இளைஞர் நாடி கெடுதல் இல்லாதது என்று தெரிந்தது. நடுவில் துள்ளி விழும் ஒற்றைத் துடிப்பும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் சிலருக்கு, இதயத்தின் மேலறை சுருங்கும்போது கழுத்தில் எழ வேண்டிய சிறு அலையே காணாமல் போய், நாடி ஒழுங்கே இல்லாமல் ஓடியது. மேலறை செயலிழந்துவிட்டது என்று முதலில் நினைத்தார். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று இன்று நாம் சொல்வது அதுதான் என்பதை 1909-ல் தாமஸ் லூயிஸ் ஈ.சி.ஜி. மூலம் காட்டினார். டிஜிட்டாலிஸ் மருந்து இவர்களுக்கே மிகவும் பயன்படுகிறது என்பதை மெக்கன்சி எடுத்துக் காட்டினார்.

நாடி பற்றிய அவருடைய நூல் 1902-ல் வெளிவந்தது. 1907-ல் லண்டன் போனார். 1915-ல் சர் பட்டம் பெற்றார். புகழின் உச்சியில் இருந்தவர் அதை விட்டுவிட்டு, 1919-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். ஊர் டாக்டர்களே அதில் ஆராய்ச்சியாளர்கள்! பெரிய ஆஸ்பத்திரிக்கு முற்றிய நோய்தான் வரும். நோயின் ஆரம்பத்தைப் பார்ப்பவர் ஊர் டாக்டர்தான் என்பது அவர் கட்சி.

அவருக்கே நெஞ்சுவலி இருந்தது. தன் நோயையும் குறித்து வைத்தார். 1925 ஜனவரியில் காலமானார். அவர் விருப்பப்படியே அவருடைய இதயம் பரிசோதிக்கப்பட்டது.

தொழிற்சாலையில் நாம் ஒரு நாள் ரீடிங்கை வைத்து பேரிங்கை மாற்றிவிடுவதில்லை. லாக்புக்கைப் புரட்டி, அளவு ஏறிக்கொண்டே போகிறதா என்றுதான் பார்ப்போம். உடம்புக்கு மட்டும் ஒரு செக்-அப் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் தூக்கம் போய்விடுகிறது! அல்லது, ஒன்றுமில்லை என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இரண்டும் வேண்டாம். நம்மைத் தொடர்ந்து பார்க்கிற ஒரு குடும்ப டாக்டரை வைத்துக்கொள்வோம். பழைய ரிப்போர்ட்டுகளைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிடாமல் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுவோம். அதுதான் நம் லாக்புக்.