றேடியோக் கடையில் பிறந்த ஒலி

பனிச்சங்கேணியில், மாமா றேடியோ திருத்தும் மேசையருகே இருந்து பழைய புளூஸ் கிற்றார் ஒலியைத் தேடுகிறேன். பெடல்களுக்குக் காசு கரைந்ததுதான் மிச்சம்.

விடை எல்மோர் ஜேம்ஸின் வாழ்க்கையில் இருந்தது. 1918இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் வயல் கூலிப் பெண்ணின் மகனாகப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்து திரும்பி, கான்டன் ஊரில் சகோதரரின் றேடியோத் திருத்தக் கடையில் வேலை செய்தார். அங்கே கற்றதை வைத்துத் தன் அம்ப்ளிபயரை மாற்றி, வால்வுகள் திணறிக் கரகரக்கும்வரை ஒலியைக் கூட்டினார். அந்தக் கரகரப்பின்மேல் கம்பிகளில் குழாயை வழுக்கி வாசித்தார்.

1951இல் 'டஸ்ட் மை புரூம்' பதிவானது. 1963இல் சிக்காகோவில் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு வயது 45. ரோலிங் ஸ்டோன்ஸின் பிரையன் ஜோன்ஸ் அவரைப் பின்பற்றியே குழாய் பிடித்தார்.

ஓர் ஏழையின் கைவேலையைத்தான் இன்று பெடல்களாக விற்கிறார்கள். மாமாவிடம் பழைய வால்வு றேடியோ ஒன்று கேட்டிருக்கிறேன்.