ஜான் மால்கம்

சர் ஜான் மால்கம் (மே 2, 1769 – மே 30, 1833) பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னைப் படையில் பணியாற்றிய அலுவலரும், அரசுத் தூதரும், வரலாற்று நூலாசிரியரும் ஆவார். 1800 ஆம் ஆண்டில் மஸ்கட்டின் அரபு ஆட்சியாளர் சுல்தான் பின் அகமதுவுடனும், 1801 இல் பாரசீக மன்னர் ஃபத் அலி ஷாவுடனும் கம்பனியின் சார்பில் உடன்படிக்கைகள் செய்தவர். 1827 முதல் 1830 வரை பம்பாய் மாகாண ஆளுநராக இருந்தார்.

இளமையும் சென்னை வாழ்வும்

ஸ்காட்லாந்தின் டம்ஃபிரீஸ் பகுதியிலுள்ள பர்ன்ஃபுட் என்னும் இடத்தில், கடனில் மூழ்கிய ஓர் உழவரின் பதினேழு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். குடும்பத்தின் வறுமை காரணமாகச் சிறு வயதிலேயே கம்பனிப் படையில் சேர்க்கப்பட்டு, 1783 இல் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினான்கு கூட நிறைவடைந்திருக்கவில்லை. முதலில் வேலூரில் இருந்த படையில் பணியாற்றினார்.

மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் திப்பு சுல்தான் விடுவித்த ஆங்கிலேயக் கைதிகளை எதிர்கொண்டு அழைத்துவரச் சென்ற படைப்பிரிவுக்கு மால்கம் தலைமை தாங்கினார். கைதிகளுடன் வந்த அதிகாரி, எதிரே மட்டக்குதிரையில் வந்த சிறுவனிடமே படைத்தலைவர் எங்கே எனக் கேட்டதாகக் கூறுவர். சூதாட்டத்தாலும் ஊதாரித்தனத்தாலும் இவர் கடன்பட்ட நாட்களும் உண்டு. அந்நாட்களில் கடைத்தெருவில் இருந்த முதியவள் ஒருத்தி கடனுக்கு உணவுப் பொருள்கள் தந்து உதவினாள் என்றும், பிற்காலத்தில் மால்கம் அவளுக்கு வாழ்நாள் முழுவதும் உதவித்தொகை அளித்தார் என்றும் இவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

1792 ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண முற்றுகைக் காலத்தில் பாரசீக மொழியைக் கற்கத் தொடங்கினார். இவரது வாழ்வின் திருப்பம் இதுவே எனலாம். நிசாமின் படையுடன் இருந்த ஆங்கிலப் பிரிவுக்கு மொழிபெயர்ப்பாளரானார். பின்னர் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் டவுன் மேஜர் பதவி வகித்தார். 1798 இல் ஐதராபாத்தில் துணை ரெசிடெண்டாக நியமிக்கப்பட்டார். 1799 இல் திப்பு வீழ்ந்தபின் மைசூர் ஆட்சியை ஒழுங்குபடுத்த அமைக்கப்பட்ட குழுவுக்கு இவரும் தாமஸ் மன்றோவும் செயலாளர்களாக இருந்தனர்.

மஸ்கட் உடன்படிக்கை

மஸ்கட் அக்காலத்தில் பாரசீக வளைகுடாவுக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட முதன்மையான வணிகத் துறைமுகம். மலபார், கன்னடக் கரைகளிலிருந்து அரிசி, மிளகு, கப்பல் கட்டும் மரம் ஆகியவை அங்கு சென்றன. திப்பு சுல்தான் அங்கே தமக்கென ஒரு வணிக நிலையத்தை வைத்திருந்தார். நெப்போலியன் எகிப்தைக் கைப்பற்றியபின், 1799 சனவரியில் திப்புவுக்கு எழுதிய கடிதத்தை மஸ்கட் ஆட்சியாளர் வழியாகவே அனுப்ப முயன்றார். கடிதம் ஆங்கிலேயரிடம் சிக்கியது. இதற்கு முன்னரே, 1798 அக்டோபரில், கம்பனியின் முகவர் மிர்சா மகதி அலி கான் மஸ்கட்டுடன் ஓர் உடன்பாடு செய்திருந்தார். போர் நீடிக்கும்வரை பிரெஞ்சுக்காரருக்கும் ஒல்லாந்தருக்கும் அங்கு வணிக நிலையம் அளிப்பதில்லை என்றும், ஓமானின் வசம் இருந்த பந்தர் அப்பாசில் கம்பனி பண்டகசாலை அமைக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. அது நடைமுறையில் நிற்குமா என்ற ஐயம் ஆங்கிலேயருக்கு இருந்தது.

ஆளுநர் நாயகம் வெல்லெஸ்லி பாரசீகத்துக்கு அனுப்பிய தூதுக்குழுவின் தலைவராக, 1799 டிசம்பர் இறுதியில் பம்பாயிலிருந்து புறப்பட்ட மால்கம், வழியில் மஸ்கட்டை அடைந்தார். சுல்தான் பின் அகமது அப்போது நகரில் இல்லை. தம் கப்பற்படையுடன் வளைகுடா வாயிலில் இருந்தார். மால்கம் அங்கேயே சென்று அவரைக் கண்டார். (சுல்தான் என்பது இவரது இயற்பெயர், பட்டமன்று. ஆங்கில ஆவணங்கள் இவரை இமாம் எனக் குறித்தாலும், இமாம் பதவி இவருடைய அண்ணன் சயீதிடமே இருந்தது.)

மால்கம் பரிசுப் பொருள்களை வாரி வழங்குபவர். எனினும் இங்கு பயன்பட்டது பரிசன்று. ஆங்கிலேயருடன் நட்பு இல்லையேல் இந்தியத் துறைமுகங்கள் மஸ்கட் கப்பல்களுக்கு மூடப்படும் என்பதை அவர் உணர்த்தினார். திப்பு இறந்தபின் மேற்குக் கரை பெரும்பாலும் ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்ட நிலையில் இது வெற்று மிரட்டலாக இல்லை. சனவரி 18, 1800 இல் உடன்படிக்கை கையெழுத்தானது. முந்தைய உடன்பாடு உறுதிசெய்யப்பட்டதுடன், ஆங்கில முகவர் ஒருவர் மஸ்கட்டில் நிலையாகத் தங்கவும், இருதரப்புத் தொடர்புகள் யாவும் அவர் வழியே நடைபெறவும் ஒப்புக்கொள்ளப்பட்டது. சூரியனும் சந்திரனும் உள்ளவரை இந்நட்பு நிலைக்கும் என்ற பொருளில் அதில் ஒரு தொடர் உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளின் சந்திராதித்தவரை என்னும் வழக்கை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

முதல் முகவரான மருத்துவர் ஆர்ச்சிபால்ட் போகல் அதே ஆண்டில் மஸ்கட்டிலேயே இறந்தார். பின்வந்தவர்களுள் சிலரும் அங்குள்ள வெப்பத்துக்கும் நோய்க்கும் பலியாயினர். 1810 அளவில் அப்பதவி கைவிடப்பட்டது. ஆனால் உடன்படிக்கையின் உட்பொருள் வலுவாகவே இருந்தது. 1803 இல் பிரான்ஸ் அனுப்பிய கவென்யாக் என்னும் முகவரைச் சுல்தான் பின் அகமது ஏற்க மறுத்தார். அவருடைய வணிகக் கப்பல்கள் அப்போது இந்தியத் துறைமுகங்களில் நின்றிருந்தன. அடுத்த ஆண்டில் அவர் கடற்சண்டையொன்றில் கொல்லப்பட்டார். சுங்க விகிதம் முதலியவற்றை வரையறுத்த முழுமையான வணிக உடன்படிக்கை, அவருடைய மகன் சயீத் காலத்தில், 1839 இல்தான் ஏற்பட்டது.

பாரசீகமும் பிற்காலமும்

தெகரானில் 1801 சனவரியில் அரசியல், வணிகம் ஆகிய இரு உடன்படிக்கைகளை மால்கம் முடித்தார். வணிக உடன்படிக்கை ஆங்கிலேய, இந்திய வணிகர்கள் பாரசீகத் துறைமுகங்களில் குடியேற வழிசெய்தது. தூதுக்குழுவின் பெருஞ்செலவு கண்டனத்துக்குள்ளானது. ருசியப் போரில் தமக்கு ஆங்கில உதவி கிட்டாததால் ஷா 1807 இல் பிரான்சின் பக்கம் சாய்ந்தார். மஸ்கட்டைப் போலப் பாரசீகம் இந்தியத் துறைமுகங்களை நம்பி வாழ்ந்த நாடன்று என்பதை இங்கு நோக்கலாம். 1808 இல் மீண்டும் சென்ற மால்கம், தலைநகரை அடைய முடியாமல் திரும்பினார். 1810 இல் மூன்றாம் முறை சென்றபோது வரவேற்பு கிடைத்தது. பாரசீகத்தில் உருளைக்கிழங்கை அறிமுகப்படுத்தியவர் இவரே என்று சொல்லப்படுவதுண்டு.

இவர் எழுதிய பாரசீக வரலாறு 1815 இல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1817 டிசம்பரில் மகித்பூர்ப் போரில் பங்கேற்றுப் பின் மத்திய இந்தியாவை நிர்வகித்தார். மகாபலேஷ்வரிலுள்ள மால்கம்பேட்டை இவர் பெயரால் அமைந்தது. இந்தியாவை விட்டு நீங்கியபின் சிறிது காலம் பிரித்தானிய நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 1833 இல் இலண்டனில் காலமானார்.